மசாஜ் தெரபி படிக்கப் போகிறீர்களா? ஃபீஸை மட்டும் பார்க்காதீர்கள்!

‘மசாஜ்’ என்று சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரசவமான பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட ஒரு பாட்டி வருவார். பிறந்த குழந்தையைக் காலில் போட்டு உருவிவிட்டுக் குளிப்பாட்டுவார். சுளுக்கு என்றால் ‘அவரிடம் போய்க் காட்டு, ஒரு பிடியில் எடுத்துடுவார்’ என்று தெருவே வழி சொல்லும். சித்த மருத்துவத்தில் இதற்குத் ‘தொக்கணம்’ என்று பெயரிட்டு, ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆக, கலை நமக்குப் புதிதல்ல. அதைச் சம்பளத்துக்கு வேலையாகச் செய்ய சர்ட்டிபிகேட் வாங்கிப் படிப்பதுதான் புதிது.

ஆயுர்வேத ஆஸ்பத்திரி, இயற்கை மருத்துவ மையம், ரிசார்ட், பெரிய ஹோட்டல், வெளிநாடு என்று வேலைக்கு இடம் இருக்கிறது. அதனால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும், குழந்தைகள் வளர்ந்துவிட்ட பிறகு ஒரு தொழில் கற்கலாமே என்று நினைக்கும் இல்லத்தரசிகளும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். விளம்பர நோட்டீஸில் ஃபீஸ் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். ‘அறுபதாயிரம்தானே... ஒரு செயினை வைத்தால் சமாளிச்சுடலாம்’ என்று அப்பாவும் அம்மாவும் மனக்கணக்குப் போடுவார்கள்.

அங்கேதான் சிக்கல். நோட்டீஸில் இருப்பது மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. மீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் படிப்பில் பணமில்லாமல் மூட்டை கட்ட வேண்டி வராது.

எந்தப் படிப்பு என்று முதலில் தீர்மானியுங்கள்

செலவுக் கணக்கை ஆரம்பிக்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘தெரபி’ என்ற ஒரே வார்த்தைக்குள் பல படிப்புகள் இருக்கின்றன.

பிசியோதெரபி என்பது பல வருடப் பட்டப்படிப்பு. இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். ஐந்தரை ஆண்டு டாக்டர் படிப்பு. மசாஜ் தெரபிஸ்ட் படிப்பு இந்த இரண்டும் அல்ல. ‘மூணு மாசத்தில் பிசியோதெரபிஸ்ட் ஆகலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த வாசற்படியை மிதிக்காதீர்கள்.

தெரபிஸ்ட் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் நம் பக்கத்தில் பொதுவாக மூன்று வழிகள்.

முதல் வழி, தமிழ்நாடு அரசின் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை நடத்தும் ‘நர்சிங் தெரபி’ பட்டயப் படிப்பு. இரண்டரை ஆண்டு. அரசு சித்த, ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளில் ‘சிகிச்சை உதவியாளர்’ வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது கேட்கிற தகுதி இதுதான். அரசு வேலை கனவு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தனியார் கோர்ஸில் பணம் கட்டாமல், முதலில் இதை விசாரியுங்கள்.

இரண்டாவது, கேரளத்தில் அந்த மாநில ஆயுர்வேத மருத்துவக் கல்வித் துறை நடத்தும் ஓராண்டு ஆயுர்வேத தெரபிஸ்ட் சர்ட்டிபிகேட். அரசுக் கல்லூரிகளிலும் உண்டு, சுயநிதி நிலையங்களிலும் உண்டு. திருச்சூர் அருகே செறுதுருத்தியில் மத்திய அரசின் பஞ்சகர்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் பஞ்சகர்மா டெக்னீஷியன் பயிற்சி நடத்தப்பட்டிருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது, வெளி மாநிலத்தவருக்கு இடம் உண்டா என்று அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டே பெட்டியைத் தூக்க வேண்டும்.

மூன்றாவது, தனியார் ஸ்பா, அழகுக்கலை நிலையங்களின் குறுகிய காலப் பயிற்சி. சில வாரம் முதல் சில மாதம் வரை. இதில்தான் நெல்லும் பதரும் கலந்து கிடக்கின்றன. சர்ட்டிபிகேட்டில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் (என்.எஸ்.க்யூ.எஃப்.) நிலை எண் இருக்கிறதா, எந்தத் திறன் கவுன்சில் தேர்வு நடத்துகிறது என்று கேளுங்கள். ‘எங்க சர்ட்டிபிகேட்டே போதும் மேடம், உலகம் பூரா செல்லும்’ என்று பதில் வந்தால், அது எங்கேயும் செல்லாது என்று பொருள் கொள்ளலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேரளத்துக்குப் போய், தனியார் நிலையத்தில் ஓராண்டு தெரபிஸ்ட் படிப்பு சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை உதாரணத்துக்காக நாமே எழுதிக்கொண்ட தொகைகள். உங்கள் ஊருக்கும் கோர்ஸுக்கும் தகுந்தபடி மாறும். தலைப்புகள் மட்டும் மாறாது!

ஃபீஸ் – ரூ. 60,000
அட்மிஷன், தேர்வு, சர்ட்டிபிகேட் கட்டணங்கள் – ரூ. 6,000
ஹாஸ்டல், சாப்பாடு (மாதம் 7,500 வீதம் 12 மாதம்) – ரூ. 90,000
யூனிஃபார்ம், புத்தகம், ரெக்கார்டு நோட்டு – ரூ. 7,000
பயிற்சிக்கான எண்ணெய், துண்டு, விரிப்பு – ரூ. 5,000
ஊருக்கு வந்து போக (நான்கு தடவை) – ரூ. 6,000
செல்போன், சோப்பு, உள்ளூர் பஸ் (மாதம் 1,000) – ரூ. 12,000
மருந்து, மாத்திரை, தடுப்பூசி – ரூ. 4,000
மொத்தம் – ரூ. 1,90,000

இதோடு, எதிர்பாராத செலவுக்கு பத்து சதவிகிதம், அதாவது 19,000 ரூபாய் சேர்த்தால் 2,09,000. ‘அறுபதாயிரம்தானே’ என்று நினைத்த ஃபீஸ் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

கதை இதோடு முடியவில்லை. பரீட்சை எழுதிய மறுநாளே வேலை வந்துவிடாது. ரிசல்ட், சர்ட்டிபிகேட், இன்டர்வியூ, முதல் மாதச் சம்பளம் என்று மூன்று மாதமாவது ஓடிவிடும். அந்த மூன்று மாதம் வெளியூரில் தங்கிச் சாப்பிட மாதம் 8,500 வீதம் 25,500 ரூபாய். ஆக, கையில் இருக்க வேண்டியது 2,34,500.

அந்தப் பெண் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறவளாக இருந்தால்? ஒரு வருடத்துக்கு 1,08,000 ரூபாய் வீட்டுக்கு வராது. கையை விட்டுப் போகிற பணம் இல்லைதான். ஆனால் அந்தப் பணத்தில்தான் பால் பாக்கி, கரண்ட் பில், தம்பியின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அதற்கு மாற்று வழி செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஃபீஸ் அதிகம், செலவு குறைவு!

இதே பெண்ணுக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், அதே தரத்தில் ஒரு நிலையம் இருக்கிறது, ஆனால் ஃபீஸ் 85,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அம்மாடி, இருபத்தஞ்சாயிரம் ஜாஸ்தி!’ என்று ஒதுக்கிவிடத் தோன்றும்.

கூட்டிப் பாருங்கள். ஃபீஸ் 85,000. மற்ற கட்டணங்கள் 6,000. யூனிஃபார்ம், புத்தகம் 7,000. எண்ணெய், துண்டு 5,000. பஸ் செலவு மாதம் ஆயிரம் வீதம் 12,000. மருந்து 4,000. மொத்தம் 1,19,000. பத்து சதவிகிதம் சேர்த்தால் 1,30,900. கேரளக் கணக்கைவிட 78,100 ரூபாய் குறைவு! வேலை தேடும் மூன்று மாதமும் வீட்டுச் சாப்பாடு.

அதனால் இரண்டு நிலையங்களை ஒப்பிடும்போது ஃபீஸையும் ஃபீஸையும் ஒப்பிடாதீர்கள். கடைசி வரி மொத்தத்தையும் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள்.

குறைக்கவே கூடாத செலவு

செலவைக் குறைக்கலாம் என்று மணிக்கணக்கைக் குறைத்து வைத்திருக்கும் கோர்ஸில் சேர்ந்துவிடக் கூடாது. ஏன் தெரியுமா?

ஒருவர் வருகிறார். ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு, அழுத்தினால் வலி. ‘நல்லா எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ச்சு விடும்மா’ என்கிறார். உடற்கூறு படிக்காத பெண் தேய்த்துவிடுவாள். படித்தவள் கை வைக்க மாட்டாள். ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து, உயிருக்கே உலை வைக்கும். ‘முதலில் டாக்டரைப் பாருங்க ஐயா’ என்று அனுப்பிவைப்பதுதான் அவள் கற்ற வித்தை.

காய்ச்சல், எலும்பு முறிவு, தோலில் தொற்று, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, புற்றுநோய்க்கு சிகிச்சையில் இருப்பவர்... இவர்களில் யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது, யாருக்கு டாக்டர் அனுமதி வேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கற்க வேண்டியவை. உடற்கூறு எத்தனை மணி நேரம், உண்மையான நபர்கள்மேல் மேற்பார்வையோடு செய்முறை எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். நீங்கள் கட்டும் ஃபீஸுக்கு வாங்கும் சரக்கு அந்த மணி நேரங்கள்தான்.

இன்னொரு செலவும் உண்டு. அது படிக்கிறவரின் உடம்பு. நாள் முழுக்க நின்றபடி, குனிந்து, கட்டை விரலையும் மணிக்கட்டையும் அழுத்திச் செய்கிற வேலை இது. எப்படி நிற்பது, உடம்பின் எடையை எப்படிப் பயன்படுத்துவது என்று சரியாகச் சொல்லித் தராவிட்டால் சீக்கிரமே கை வலி, இடுப்பு வலி என்று உட்கார வேண்டி வரும். ஏற்கெனவே முதுகுவலி, கழுத்து வலி, மணிக்கட்டில் மரத்துப்போதல் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தோல் அலர்ஜி இருப்பவர்களும் அப்படியே. தினமும் எண்ணெயிலும் தண்ணீரிலும் கை ஊறும் வேலையல்லவா? ஆஸ்பத்திரியில் பயிற்சி என்றால் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். மூன்று ஊசிகளும் முடிய ஆறு மாதம் ஆகும். ஹாஸ்டல் சாப்பாட்டோடு முட்டை, பயறு, பழத்துக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். அதை ஆடம்பரக் கணக்கில் எழுதாதீர்கள்.

பணத்துக்கு எங்கே போவது?

முதலில் இலவசக் கதவைத் தட்டுங்கள். மத்திய அரசின் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015-ல் தொடங்கியது. கிராமப்புற ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்குத் தங்குமிடம், சாப்பாட்டோடு பயிற்சி தரும் தீனதயாள் உபாத்யாய திட்டம் 2014-ல் வந்தது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்காகத் தாட்கோவும் பயிற்சிகளை நடத்துகின்றன. எல்லா வருடமும் எல்லா மாவட்டத்திலும் தெரபிஸ்ட் பயிற்சி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு நடை போய் விசாரிப்பதில் நஷ்டமில்லையே!

இரண்டாவது, சேமிப்பு. ஆறு மாதமோ, ஒரு வருடமோ காத்திருக்க முடியுமானால் பாங்கில் மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். வருட முடிவில் 60,000-மும் வட்டியும் கையில் இருக்கும். முழுச் செலவுக்கும் போதாதுதான். ஆனால் அவ்வளவுக்குக் கடன் குறையும்.

மூன்றாவது, பாங்க் கடன். குறுகிய காலத் தனியார் பயிற்சிக்கு வழக்கமான கல்விக்கடன் கிடைப்பது கஷ்டம். இதற்காகவே 2015-ல் திறன் பயிற்சிக் கடன் திட்டம் வந்தது. அப்போது அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2024 ஜூலையில் அதை ஏழரை லட்சமாக உயர்த்தினார்கள். சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது திட்டத்தின் விதி. ஆனால் பயிற்சியும் நிலையமும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதனால் அட்மிஷன் போட்டுவிட்டு பாங்குக்குப் போகாதீர்கள். நிலையத்தின் பெயரை எழுதிக்கொண்டு போய், ‘இதுக்குக் கடன் கிடைக்குமா சார்?’ என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டு அட்மிஷன் போடுங்கள். பாங்க் தயங்கினால், அந்த நிலையத்தைப் பற்றி நீங்களும் இன்னொரு தடவை யோசிக்கலாம்.

கடைசியில்தான் நகைக்கடனும் கைமாற்றும். கந்துவட்டிப் பக்கம் போகவே வேண்டாம். ‘ரெண்டு வட்டிதான்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவிகிதம்! ஒரு லட்சம் வாங்கினால், படிக்கிற 12 மாதமும் வேலை தேடுகிற 3 மாதமும் சேர்த்து 15 மாதத்தில் வட்டி மட்டும் 30,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். வருடத்துக்கு 12 சதவிகிதம் தனிவட்டியில் கிடைத்தால் அதே 15 மாதத்துக்கு 15,000. சரிபாதி!

போட்ட பணம் எப்போது திரும்பும்?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம் உதாரணப் பெண்ணுக்கு முதல் சம்பளம் 14,000 என்று வையுங்கள். வெளியூரில் தங்கிச் சாப்பிட 8,500 போக மிச்சம் 5,500. செலவான 2,34,500 ரூபாயை எடுக்க 43 மாதம், அதாவது மூன்றரை வருடத்துக்கு மேல்.

அதே சம்பளத்தில், தங்குமிடமும் சாப்பாடும் வேலை தருகிற இடமே கொடுத்தால்? கைச்செலவு 2,000 போக மாதம் 12,000 மிஞ்சும். இருபது மாதத்தில் கணக்கு நேராகிவிடும். ஆகவே இன்டர்வியூவில் ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதோடு ‘தங்க இடம் உண்டா, சாப்பாடு உண்டா?’ என்றும் கேட்க வேண்டும். டிப்ஸை பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். வந்தால் லாபம், அவ்வளவே.

சம்பளம் எவ்வளவு என்பதை நிலையத்தின் நோட்டீஸிலிருந்து எடுக்காதீர்கள். போன வருடம் படித்து முடித்த இரண்டு, மூன்று பேரிடம் நேரில் பேசி எடுங்கள். பெண் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். ஆயுர்வேத நிலையங்களில் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது மரபு. வேலைக்குச் சேர்த்துவிடும் இடங்களில் இந்த வழக்கம் உண்டா, டாக்டர் மேற்பார்வை உண்டா, ராத்திரி எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். பிள்ளையின் நிம்மதிக்கு எந்த பட்ஜெட்டிலும் விலை போட முடியாது.

வெளிநாட்டு ஆசை காட்டுகிறவர்களிடம் கூடுதல் ஜாக்கிரதை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் வருட எமிகிரேஷன் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்டாக இருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய பத்து கேள்விகள்

1. சர்ட்டிபிகேட் தருவது யார்? அரசுத் துறையா, திறன் கவுன்சிலா, நிலையமேவா?
2. சொன்ன ஃபீஸ் ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?
3. தேர்வு, சர்ட்டிபிகேட், யூனிஃபார்ம், எண்ணெய் இதில் அடக்கமா?
4. தவணையில் கட்டலாமா? எத்தனை தவணை?
5. நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அதை எழுத்தில் தருவீர்களா?
6. தேர்வில் தவறினால் மறுபடி எழுத எவ்வளவு கட்டணம்?
7. வகுப்பு எத்தனை மணி, செய்முறை எத்தனை மணி? செய்முறை எங்கே நடக்கும்?
8. சொல்லித் தருகிறவர்களின் படிப்பு என்ன?
9. ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? (ஆம் என்றால் சேராதீர்கள். ஜெராக்ஸ் போதும்.)
10. போன வருட மாணவர்கள் சிலரிடம் பேச முடியுமா?

ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தக் கவர்தான் ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பத்து கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் நிலையம் கிடைத்து, கடைசி வரி மொத்தமும் உங்கள் கைக்கு அடக்கமாக இருந்தால், தயங்காமல் சேருங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். வலியோடு வருகிறவர் படுக்கையிலிருந்து எழுந்து, ‘இப்பத்தான்மா கழுத்தைத் திருப்ப முடியுது’ என்று சொல்லும் தொழில் இது. அந்தக் கைக்கு எங்கே போனாலும் மரியாதை உண்டு!